தீக்குச்சி கனம்

என் கணவர் ஊதிப் பார்ப்பார். அரைத்து முடித்த பல்செட்டை விளக்குக்கு நேராகத் தூக்கி, உதட்டைக் குவித்து ஒரு ஊது. தூசி பறந்ததும் உலோகம் எங்கே சரியாக உட்கார்ந்திருக்கிறது, எங்கே மயிரிழை தூக்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். பிறகு மறுபடி ஒரு அரைப்பு, மறுபடி ஒரு ஊது. ஒரு செட்டுக்கு நூறு தடவையாவது ஊதுவார். ஊதுவதற்கு முன்னால் மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் அதை நான் யோசிக்கவில்லை.

பல் டாக்டர் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். அதில் பிளாஸ்டர் ஊற்றினால் அந்த வாய் அப்படியே வெள்ளையாக மேஜைக்கு வந்துவிடும். அதற்குப் பல் கட்டுவதுதான் எங்கள் தொழில். ஆளை நாங்கள் பார்ப்பதே இல்லை. பெட்டியின்மேல் ஒரு நம்பர், ஆணா பெண்ணா, வயது, பல்லின் நிறம், அவ்வளவுதான். ஆனாலும் அவர் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்.

"இவரு ஒரு பக்கமாவே மெல்லுறவரு. வீட்டுல பேச்சும் குறைவு" என்பார்.

"பேச்சு குறைவுன்னு பல்லு சொல்லுதா?"

"பேசுறவங்களுக்கு முன்பல்லு தேயும். உனக்குத் தேஞ்சிருக்கு, கண்ணாடியில பாரு."

அப்போது எங்கள் வேலை வீட்டின் பின் அறையில் நடந்தது. ஒரே ஜன்னல், இரண்டு மேஜை. மெழுகில் பல் அடுக்குவது, அதை அச்சோடு வேகவைத்துக் கெட்டிப் பிளாஸ்டிக்காக்குவது, மெருகேற்றுவது எல்லாம் அவர். பிளாஸ்டர் ஊற்றுவது, அச்சுகளைத் தாடையில் பொருத்துவது, சீட்டு எழுதுவது, பெட்டிகளைக் கொண்டுபோய்க் கொடுப்பது நான். தாடை என்று நாங்கள் சொல்வது வாய் திறந்து மூடுவதுபோலக் கீல் வைத்த ஒரு சின்ன இரும்புச் சட்டத்தை. மேல் அச்சையும் கீழ் அச்சையும் அந்த ஆள் எப்படிக் கடிப்பாரோ அப்படியே அதில் பொருத்த வேண்டும். அந்த ஆளைக் கடிக்கவைத்து டாக்டர் அனுப்புகிற கடி மெழுகை நடுவில் வைத்துப் பொருத்துவேன். அது கோணினால் அதற்குமேல் என்ன செய்தாலும் கோணல்தான். என் பொருத்தல் கோணியதில்லை.

ஒரு நாளைக்கு ஒரு செட் முடிப்பார். சாயங்காலம் ஐந்து மணிக்கு விளக்கை அணைத்து, கையைக் கழுவிக்கொண்டு, கீழே செருப்புக் கடைக்காரரோடு சதுரங்கம் ஆடப் போய்விடுவார். பெரும்பாலும் தோற்பார். தோற்றுவிட்டு மாடி ஏறி வரும்போதும் வயிறு நிறையச் சாப்பிட்டவர் முகம்தான் இருக்கும். மகள் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். எங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள். அப்படிச் சொல்லும்போதெல்லாம் எனக்குள் ஏதோ ஒன்று புழுங்கியது.

நாங்கள் செய்ததெல்லாம் ஒரு பெரிய லேபுக்காக. ஒரு நாள் அங்கே பெட்டியைக் கொடுத்துவிட்டுக் கையெழுத்துக்காக நின்றேன். உள்ளே இருந்த பெண் நான் எழுதி ஒட்டியிருந்த சீட்டை நகத்தால் உரித்துப் போட்டுவிட்டு, அவர்கள் லேபின் பெயர் போட்ட சீட்டை ஒட்டினாள். உரித்ததைச் சுருட்டிக் காலடியில் இருந்த கூடையில் போட்டாள். கூடை நிறைய என் கையெழுத்து கிடந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னேன்.

"நம்ம வேலைமேல அவங்க பேரை ஒட்டுறாங்க."

"ஒட்டட்டும். வாய்க்குள்ள போற சாமான். யாரு வாயைத் திறந்து படிக்கப் போறாங்க?"

"டாக்டர் படிப்பாரு."

"படிச்சா?"

"அடுத்த தடவை நம்மகிட்டயே நேரா கொடுப்பாரு."

"கொடுத்தா?"

"நிறைய வேலை வரும்."

"வந்தா?"

"வந்தா அஞ்சு மணிக்கு எழுந்திருக்க முடியாது. அதானே உங்க பயம்?"

"கெட்டிக்காரி" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

எனக்கு நகை ஆசையோ மாளிகை ஆசையோ இருந்ததில்லை. அவர் கை செய்கிற வேலைக்கு ஒரு பெயர் வேண்டும், அந்தப் பெயரை எழுதுகிற கை என்னுடையதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்டேன். இது பெரிய ஆசையா சின்ன ஆசையா என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை.

ஊரின் பெரிய ஆஸ்பத்திரியில் பல் பிரிவுத் தலைமை டாக்டரைப் பார்க்க மூன்று தடவை போய்த் திரும்பினேன். நான்காவது தடவை உள்ளே விட்டார்கள். கொண்டுபோயிருந்த செட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யார் செஞ்சது?"

"எங்க வீட்டுக்காரர்."

"இத்தனை நாளா எங்க இருந்தாரு?"

"பின் ரூம்ல, சார்."

டாக்டர் சிரித்தார். வேலை தருவதாகச் சொன்னார், ஆனால் உலோகச் சட்டம் வைத்த செட்டுகளும் செய்ய வேண்டும் என்றார். உலோகத்தை வார்த்தெடுத்ததும் அதில் ஒட்டியிருக்கும் அச்சு மண்ணை உடைத்து, மோட்டாரால் அரைத்து வழவழப்பாக்க வேண்டும். அதுவரை நாங்கள் செய்யாத வேலை. செய்வோம் என்று அங்கேயே சொல்லிவிட்டேன்.

"என்னைக் கேக்கவே இல்லையே, மேனேஜரம்மா" என்றார் என் கணவர்.

"கேட்டா வேண்டாம்பீங்க."

"அது சரி."

ஆறே வாரத்தில் கற்றுக்கொண்டுவிட்டார். தெருவைப் பார்த்தாற்போலக் கண்ணாடி வைத்த கீழ்த்தளக் கூடத்தை வாடகைக்கு எடுத்தோம். பெயர்ப் பலகை மாட்டிய அன்று அவர் எதிர்ப்பக்கம் போய் நின்று நெடுநேரம் பார்த்தார். "எழுத்து கொஞ்சம் பெருசா இருக்கோ?" என்றார். மறுநாள் கடைக்குப் போய்விட்டு, வரவேண்டிய வழியில் வராமல், பலகை தெரிகிற பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்தார். நான் கண்ணாடி வழியே பார்த்தேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

தூசி உறிஞ்சும் மெஷின் ஒன்று வாங்கினோம். ஒன்றுதான் வாங்க முடிந்தது. கண்ணாடிக்குப் பக்கத்து மேஜையில் அதை வைத்தோம், வெள்ளைக் குழாயும் பளபளப்பான வாயுமாக. டாக்டர்கள் வந்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான். அந்த மேஜையில் மெழுகு வேலை மட்டுமே நடந்தது. மெழுகில் தூசி கிடையாது. அரைக்கிற மோட்டாரைச் சத்தம், அழுக்கு என்று பின்னால் ஜன்னலில்லாத அறையில் வைத்தோம். வைத்தோம் என்று எழுதுகிறேன். இடம் காட்டியது நான்.

மெருகு வேலைக்கு ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டோம். எங்கள் எல்லாரையும்விட வயதில் மூத்தவர், அதனால் பாலிஷ் அக்கா. வந்த முதல் நாளே மெஷினைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை வாசல்ல, தாலி பின்கதவுலயா?" என்று கேட்டார். நாங்கள் மூவரும் சிரித்தோம். யாரும் எழுந்து அதை நகர்த்தவில்லை.

நல்ல வருஷங்கள்தான் அவை. அதை மறைத்து எழுதினால் பொய். பெட்டிகள் எங்கள் பெயரோடு போயின. மகள் படித்து முடித்து வேறு ஊரில் வேலைக்குப் போனாள். தலைமை டாக்டர் மற்ற டாக்டர்களிடம் சொல்ல, அவர்களும் அனுப்பினார்கள். என் கணவர் மாறினார். முதலில் ஐந்து மணி ஆறானது. பிறகு சதுரங்கம் ஞாயிற்றுக்கிழமைக்குப் போனது. பிறகு அதுவும் நின்றது. செருப்புக் கடைக்காரர் ஒருநாள் கண்ணாடிக்கு வெளியே நின்று கையை விரித்துக் காட்டினார். இவர் உள்ளேயிருந்து அரைத்த உலோகத்தைத் தூக்கிக் காட்டினார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால், "இன்னும் கொஞ்சம் நல்லா வரும்" என்பார். எனக்குப் பெருமையாக இருந்தது. உறங்கிக்கொண்டிருந்த மனிதனை எழுப்பிவிட்டேன் என்று பாலிஷ் அக்காவிடம் சொல்லிக்கொண்டேன்.

ஐந்தாம் வருஷம் இருமல் வந்தது. காய்ச்சல் இல்லை, சளி இல்லை. மாடிப்படி பதினெட்டில் பத்தாவது படியில் நின்று, யாரோ கூப்பிட்டதுபோல் திரும்பிப் பார்ப்பார். மூச்சு வாங்குகிறது என்று காட்டிக்கொள்ளாமலிருக்க.

நெஞ்சு டாக்டர் படத்தை விளக்கில் மாட்டிக் காட்டினார். நுரையீரல் முழுக்க அரிசி இறைத்ததுபோல் இருந்தது. "இது மண் தூசி. போனது திரும்பி வராது. இன்னைக்கே தூசியை நிறுத்தினா இருக்கிறதை வெச்சுக்கிட்டு பல வருஷம் ஓட்டலாம். நிறுத்தலைன்னா நான் வருஷக் கணக்கே சொல்ல மாட்டேன்" என்றார்.

வெளியே வந்ததும் சொன்னேன். "போதும். நிறுத்திடுவோம்."

"எதை?"

"உலோகத்தை. பழையபடி பின் ரூமுக்குப் போவோம். ஒரு நாளைக்கு ஒரு செட்."

அவர் நடந்துகொண்டே இருந்தார். பஸ் நிறுத்தத்துக்கு வந்து மூச்சு சீரானதும்தான் பேசினார். "நான் பாட்டுக்கு சும்மாதான் இருந்தேன். நீதான் எழுப்பிவிட்ட. இப்ப மறுபடி படுன்னா தூக்கம் வருமா?"

"விளையாட்டு இல்லைங்க இது."

"நானும் விளையாடல. நாற்பத்தொன்பது வயசுல எனக்கு ஒரு வேலை பிடிச்சிருக்கு. அதுக்கு முன்னாடி செஞ்சதெல்லாம் பிழைப்பு. இது வேற. உனக்குத்தான் இது முதல்ல தெரியும், எனக்கு லேட்டாத் தெரிஞ்சுது."

"உயிர் போனா?"

"இந்த ஒரு வருஷம். ஆள் பழக்கிவிட்டுட்டு ஒதுங்கிடுறேன்."

அவர் கேட்டுக்கொண்டிருந்த தவணை என் வாயிலிருந்து பழகியதுதான். இந்த ஒரு வருஷம், இந்த ஒரு ஆர்டர் என்று எத்தனை தடவை நான் சொல்லியிருப்பேன்.

மெஷினைப் பின்னறைக்கு நகர்த்தினேன். இரண்டு நாள் பயன்படுத்தினார். குழாய் வாய் வெளிச்சத்தை மறைக்கிறது என்று மூன்றாம் நாள் ஒதுக்கிவிட்டார். முகமூடி வாங்கிக் கொடுத்தேன். அதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டார். முகமூடி போட்டால் ஊத முடியாதே. மகளை விட்டுப் பேசச் சொன்னேன். அவள் போனில் அழுதாள், இவர் அவளைச் சமாதானப்படுத்தினார். பாலிஷ் அக்கா அவர் மோட்டாரின் வயரைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அக்கா, குடுங்க."

"முடியாது தம்பி. உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எங்க போய் மெருகு போடுறது? எனக்கு வேற எவன் வேலை குடுப்பான்?"

"அதுக்காகத்தான் வேலை செய்றேன். குடுங்க."

அக்கா கொடுத்துவிட்டார்.

கடைசியில் தலைமை டாக்டரிடம் போனேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். இவருக்கு நுரையீரலில் மண், இனிமேல் அனுப்பாதீர்கள். அந்த வார்த்தையைத் தயார்செய்துகொண்டு போய் அவர் முன்னால் உட்கார்ந்தேன். அவர், "நானே கூப்பிடணும்னு இருந்தேன். உங்க வீட்டுக்காரர் கை மாதிரி கை நான் பார்த்ததில்லை. அடுத்த மாசத்துலேருந்து எங்க கிளை ஆஸ்பத்திரி வேலையும் உங்களுக்குத்தான்" என்றார். நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். என் வாயால்தான் நன்றி சொன்னேன்.

அப்போது யோசித்த விதத்தை ஒளிக்காமல் எழுதுகிறேன். நான் சொல்லி வேலை போனால் அவர் என்னை மன்னிக்க மாட்டார். ஆஸ்பத்திரியே தானாகக் குறைத்துக்கொண்டால் இரண்டு நாள் திட்டுவார், பிறகு ஓய்ந்துவிடுவார். ஏதாவது ஒரு தப்பு வர வேண்டும். பெரிய தப்பு வேண்டாம். பெரிய தப்பு வந்தால் எல்லாமே போய்விடும். பாதி போனால் போதும். அவர் நெஞ்சுக்குத் தகுந்த அளவு வேலையும் இருக்க வேண்டும், பலகையும் இருக்க வேண்டும். அந்த நிலைமையிலும் நான் பெயரைப் பாதியாவது காப்பாற்றத்தான் கணக்குப் போட்டேன்.

அந்த வாரம் ஒன்பது பெட்டிகள் வந்திருந்தன. அவர் பின்னறையில் அரைத்துக்கொண்டிருந்தார், அக்கா சாப்பிடப் போயிருந்தார். பகல் ஒரு மணி. ஒரு தீக்குச்சியை நீளவாக்கில் பிளந்தேன். கடி மெழுகுக்கும் அச்சுக்கும் நடுவில், வலது கடைவாய்ப் பக்கம், அந்தப் பாதிக் குச்சியை வைத்துத் தாடையில் பொருத்தினேன். பிளாஸ்டர் இறுகியதும் குச்சியை உருவிவிட்டேன். ஒன்பது பெட்டிக்கும் அப்படியே செய்தேன். வாழ்க்கையில் அத்தனை கவனமாக நான் எதையும் பொருத்தியதில்லை.

அவர் அந்தத் தாடைகளில் அழகாகப் பல் அடுக்கினார். மேலும் கீழும் காகிதம்கூட நுழையாமல் கடித்தன. வேகவைக்கும்போது அச்சு உடைந்துபோகும், அதனால் பிறகு சரிபார்க்க ஒன்றும் மிஞ்சாது. அதுவும் எனக்குத் தெரியும்.

ஒன்பதும் திரும்பி வந்தன. தலைமை டாக்டரின் சீட்டு ஒவ்வொன்றிலும் ஒன்றேபோல் இருந்தது. ஒரு பக்கம்தான் கடிக்கிறது, இன்னொரு பக்கம் தொடவே இல்லை.

அவர் அந்தச் சீட்டுகளை மேஜைமேல் வரிசையாக வைத்தார். யாராக இருந்தாலும் பொருத்தியவளைத்தான் முதலில் கேட்டிருப்பார்கள். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தன் இரண்டு உள்ளங்கைகளையும் விளக்கில் நீட்டிப் பார்த்தார்.

"கை போயிடுச்சு போல" என்றார்.

"ஒரு வாரம் சரியில்லாம போறது எல்லாருக்கும் உள்ளதுதானே. கொஞ்சம் வேலையைக் குறைச்சா…"

"குறைக்கிறதா? ஒன்பது பேருக்கு வாய் கோணிப் போச்சு."

டாக்டரும் வேலையைக் குறைக்கவில்லை. போன் செய்து, "யாருக்கும் நடக்கிறதுதான், மறுபடி செஞ்சு கொடுங்க" என்றார். அந்தப் பெருந்தன்மையை நான் கணக்கில் சேர்க்கவில்லை. ஒன்பதையும் முதலிலிருந்து செய்தார். இந்தத் தடவை நான் ஒழுங்காகப் பொருத்தினேன். அவை நன்றாக வந்தன, ஆனால் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. கண் டாக்டரிடம் போய்க் கண்ணாடியை மாற்றினார். அதன்பிறகும் எந்தச் செட்டையும் ஒரு தடவையில் விடவில்லை. நூறு தடவை ஊதியவர் இருநூறு தடவை ஊதினார். பழக்குவதாகச் சொன்ன ஆளைப் பழக்கவில்லை. "என் கையே எனக்குக் கட்டுப்படல, இன்னொருத்தனுக்கு என்ன சொல்லிக்கொடுப்பேன்?" என்றார். பின்னறையிலிருந்து மோட்டார் சத்தமும் இருமலும் மாறி மாறிக் கேட்டன. மோட்டார் நிற்கும்போதெல்லாம் எழுந்து போய்ப் பார்ப்பேன். ஊதிக்கொண்டிருப்பார்.

சொல்லிவிடலாம் என்று தினமும் எழுந்தேன். முதல் வாரம் சொல்லியிருந்தால் கோபித்திருப்பார். இரண்டாம் மாதம், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி சேர்ந்துகொண்டது. ஐந்தாம் மாதம் அதைச் சொல்வதற்கு எனக்கு முகமே இல்லை. அவர் இளைத்துக்கொண்டே வந்தார். சட்டையின் கழுத்துப் பட்டை வேறு யாருடையதோ போலிருந்தது. நான் சீட்டு எழுதினேன், பிளாஸ்டர் ஊற்றினேன், எங்கள் பெயரைப் பெட்டியில் ஒட்டினேன்.

ஏழாம் மாதம் பின்னறையிலேயே சரிந்து விழுந்தார். ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார், மூக்கில் குழாயும் கட்டில் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷினுமாக. வந்த மறுநாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டார்.

"கீழே எத்தனை பெட்டி இருக்கு?"

"இருக்கட்டும். இப்ப எதுக்கு?"

"மோட்டாரை மேலே கொண்டுவரச் சொல்லு. இந்தக் குழாயோட உட்கார்ந்து செய்யலாம். மெதுவா."

"என்ன பேசறீங்க?"

"ஒண்ணாவது தப்பில்லாம… என்னன்னு கண்டுபிடிக்கணும். எங்க போச்சுன்னு." ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சை எடுத்தார். "அந்த ஒன்பது. அதுக்கப்புறம் எனக்கு எதுவுமே உறுதியா இல்லை."

கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து சொன்னேன். தலைமை டாக்டரிடம் போய்ச் சொல்லாமல் திரும்பியதிலிருந்து குச்சியை உருவியதுவரை. குரலைத் தாழ்த்தாமல், அழாமல், ஒரு பெட்டிக்குச் சீட்டு எழுதுவதுபோல.

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார். "எந்தப் பக்கம்?"

"வலது."

"கடைசிலயா, நடுவுலயா?"

"கடைசிக் கடைவாய்."

"தீக்குச்சி கனமா?"

"அதுல பாதி."

"அதான்" என்றார். "அதான் இடது பக்கம் தொடல." முகம் தெளிந்தது. ஏழு மாதமாக அப்படி ஒரு தெளிவை நான் அவர் முகத்தில் பார்க்கவில்லை. கையைப் போர்வைக்குள்ளிருந்து எடுத்து, விரல்களை விரித்து மடக்கினார். "அப்ப கை போகல."

"இல்லைங்க. கை நல்லாத்தான் இருந்துச்சு."

நான் காத்திருந்தேன். திட்டினாலும் அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவர், "அந்த ஒன்பது பேரும் மூணு வாரம் எல்லாத்தையும் கரைச்சுக் குடிச்சிருப்பாங்க" என்றார். சற்றுப் பொறுத்து, "டாக்டருக்குப் போன் பண்ணு. இப்பவே. என் முன்னாடி" என்றார்.

செய்தேன். தலைமை டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டார். என் கணவரின் நுரையீரலையும் சொன்னேன், தீக்குச்சியையும் சொன்னேன். முடித்தபிறகு மறுமுனையில் யாரோ கதவைச் சாத்துவது கேட்டது.

"இதை முதல்லயே சொல்லியிருந்தா நானே நிறுத்தியிருப்பேனேம்மா" என்றார். "இனிமே பெட்டி வராது. இருக்கிறதை அனுப்பிடுங்க."

அவ்வளவுதான். ஒரு போன். ஏழு மாதமாக நான் செய்து பார்த்த எதனாலும் நிற்காதது நாலு நிமிஷத்தில் நின்றது. கீழே அக்கா பெட்டிகளைக் கட்டும் சத்தம் கேட்டது, பிறகு ஷட்டரை இறக்கும் சத்தம்.

அதன்பிறகு அவருக்குப் பத்தொன்பது நாள் இருந்தது. மத்தியானம் தூங்கினார். சாயங்காலம் ஜன்னல் பக்கம் சாய்ந்து உட்கார்ந்தார். சாப்பிடும்போது என் முன்பல்லைப் பற்றிப் பேசினார். எந்த வாழ்க்கைக்காக அவரை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினேனோ அந்த வாழ்க்கைதான் அது, ஒன்றுகூடக் குறையாமல். நெஞ்சு டாக்டர் வீட்டுக்கு வந்த அன்று படிக்கட்டில் நிறுத்திக் கேட்டேன். ஏழு மாசத்துக்கு முன்னால் நிறுத்தியிருந்தால்? அவர் பையின் பூட்டைத் திறந்து மூடினார். "அதைத் தெரிஞ்சு என்னம்மா பண்ணப் போறீங்க" என்றார்.

பன்னிரண்டாம் நாள் அவரே பேச்சை எடுத்தார்.

"ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனியே, சொல்லாம வந்தியே. ஏன்?"

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். "பேர் போயிடும்னு நினைச்சேன்" என்றேன்.

"இப்ப போயிடுச்சே."

"ஆமா."

"போனதுல என்ன குறைஞ்சுது? சொல்லு."

கிண்டல் இல்லை, குத்தலும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பதிலுக்காக என் முகத்தையே பார்த்தார். பக்கத்தில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஒரு கேள்வியைக் கேட்டதற்கே அவர் கழுத்துக் குழி ஆழமாக உள்ளே போய்ப் போய் வந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் நான் எதைப் பார்க்கிறேன் என்று பார்த்தார்.

"சரி, விடு. தண்ணி குடு" என்றார்.